இது ஓடும்போது அது எங்கே இருக்கும்?

கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் சமாச்சாரம்தான், ஆனால் மிளகும் மரமும் வரும். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம். சாரலும் மூடுபனியுமாக எதிர்வீடு தெரியவில்லை. என்னிடம் பிளஸ் டூ வரை படித்த ஒருவன் வந்து நின்றான். வயது முப்பது ஆகிவிட்டது, கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது. என்னிடம் படித்தவன் என்பதால் ‘அவன்’ என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். கையில் கட்டைப்பை. அதற்குள் உரச்சாக்கில் சுற்றிய மடிக்கணினி. பின்னால் அவனுடைய கடைசித் தங்கை, ராசிபுரத்தில் பி.காம். முதல் வருஷம்.

"சார், இது தேறுமா தேறாதான்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க சார். கீழ கடையில தேறாதுன்னுட்டாங்க."

அது அவர்கள் சித்தப்பா மகன் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. அவன் வேலைக்குப் போனதும் இந்தப் பெண்ணுக்கு வந்திருக்கிறது. திறந்தால் முகப்பு வருவதற்கே ஐந்து நிமிஷம். அதற்குமேல், விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, இந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று ஒரு அறிவிப்பு. மலைக்குக் கீழே ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். "மெமரி பத்தாது, புதுசு வாங்குங்க, முப்பத்தெட்டாயிரம் ஆகும்" என்றார்களாம்.

முப்பத்தெட்டாயிரத்துக்கு அவன் போட்டிருந்த கணக்கைக் கேட்டபோதுதான் எனக்குத் திக்கென்றது. வீட்டை ஒட்டிய காட்டில் உள்ள சில்வர் ஓக் மரங்களில் எட்டை மர வியாபாரியிடம் பேசி, அச்சாரமும் வாங்கிவிட்டான். வெளியூர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கொல்லிமலையில் மிளகுக்கொடியை ஏற்றிவிடுவது பெரும்பாலும் சில்வர் ஓக் மரத்தில்தான். மரத்தை வெட்டினால் கொடியும் போகும். புதுக்கொடி வைத்தால் காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருஷம். தை, மாசியில் பறிக்க வேண்டிய மிளகு அப்போது கொடியில் பச்சையாக நிற்கிறது.

"உட்காரு. மரத்தை ஒரு வாரம் நிறுத்தி வை" என்றேன்.

‘மெமரி பத்தாது’ என்று கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. ஆனால் எந்த மெமரி? நம் ஊரில் இந்த ஒரு சொல் இரண்டு பொருள்களுக்கு ஓடுகிறது. செல்போனில் படம் நிறைந்துவிட்டாலும் ‘மெமரி ஃபுல்’ என்கிறோம், கம்ப்யூட்டர் மந்தமானாலும் ‘மெமரி பத்தல’ என்கிறோம். வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. குதிரில் இருக்கும் சாமை வேறு, களத்தில் கொட்டியிருக்கும் சாமை வேறு. குதிர் என்பது ஹார்ட் டிஸ்க். வருஷக் கணக்கில் இருக்கும், கரண்ட் போனாலும் இருக்கும். களம் என்பது ரேம். வேலை நடப்பது அங்கேதான். பொழுது சாய்ந்தால் கூட்டிப் பெருக்கிவிடுவோம். குதிர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் களம் சின்னதென்றால் வேலை ஓடாது. இயங்குதளம் என்பது களத்தில் எப்போதும் நிற்கிற ஆள்கள், மாடு, முறம், சல்லடை எல்லாம். அவர்கள் நிற்கவே ஒரு இடம் வேண்டும். மீதி இடத்தில்தான் நம் சாமை.

அந்த இடம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

நான் முதன்முதலில் பார்த்த கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கு மிகச் சுத்தமாக இருந்தது. 1986, பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். மத்திய அரசு 1984-ல் ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, பள்ளிகளுக்கு இங்கிலாந்துத் தயாரிப்பான பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்திருந்தது. கற்பித்தல் பயிற்சிக்குப் போன டவுன் பள்ளியில் ஒன்று இருந்தது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுவிட்சைப் போட்டதும் ‘பீப்’ என்று ஒரு சத்தம், உடனே தயார். அதன் மெமரி 32 கேபி. ஜிபி இல்லை, எம்பி இல்லை, கேபி. இயங்குதளம் 16 கேபி அளவில் தனிச் சில்லில் நிரந்தரமாகப் பதிந்திருந்தது. அதனால் ரேமில் அது தனக்கென்று எடுத்துக்கொண்டது மூன்றரை கேபிதான். ஆனால் வண்ணப் படம் வரைகிற திரை வேண்டுமென்றால் அதற்கே 20 கேபி போய்விடும். வெறும் எழுத்துத் திரை என்றால் 1 கேபி போதும். கம்ப்யூட்டர் எவ்வளவு தின்னும் என்பது அதனிடம் என்ன அழகு கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று அங்கேயே தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு வந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். விண்டோஸ் 95 கேட்ட குறைந்தபட்சம் 4 எம்பி. எக்ஸ்பி 64 எம்பி. விண்டோஸ் 7 ஒரு ஜிபி, 64 பிட் என்றால் இரண்டு. விண்டோஸ் 10-ம் அதே அளவு. விண்டோஸ் 11 நான்கு ஜிபி. 32 கேபி என்பது 2-ன் அடுக்கு 15, நான்கு ஜிபி என்பது 2-ன் அடுக்கு 32. வகுத்தால் 1,31,072 மடங்கு. கணக்கு வாத்தியார் புத்தி போகாது.

இந்தக் ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் பஸ்ஸில் டிரைவர் சீட்டும் கண்டக்டர் சீட்டும் இருந்தால் பஸ் கிளம்பிவிடும், மேலேயும் வந்து சேரும். அது குறைந்தபட்சம். சந்தைக்குப் போகிறவர்கள் அன்னாசிக் கூடையோடு எங்கே உட்காருவது என்பது அந்தக் கணக்கில் இல்லை.

அந்தப் பெண்ணின் மடிக்கணினியைத் திறந்து டாஸ்க் மேனேஜரைக் காட்டினேன். பெட்டியில் 4 ஜிபி. அதில் திரைப்படச் சில்லு தனக்கென்று ஒரு பங்கைப் பிடித்து வைத்திருந்ததால் கையில் கிடைப்பது 3.4. ஒரு செயலியையும் திறக்காமலே 2.3 ஜிபி போயிருந்தது. விண்டோஸ் ஒரு பக்கம், கூடவே இரண்டு ஆன்டிவைரஸ் (ஒன்று ஏற்கெனவே உள்ளது, இன்னொன்று யாரோ பாசத்தோடு போட்டது), பின்னணியில் அப்டேட் தேடும் நான்கைந்து நிரல்கள். குரோமில் மூன்று பக்கம் திறந்ததும் மீதியும் முடிந்தது. டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நின்றது.

"மெமரிதானே சார் பத்தல? டிஸ்க் ஏன் 100 காட்டுது?" என்று அந்தப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. களத்தில் இடம் இல்லாதபோது, இப்போதைக்கு வேண்டாத மூட்டையைக் குதிர்ப் பக்கம் கொண்டுபோய் வைப்போம். வேண்டும்போது அதை எடுத்துவந்து வேறொன்றைக் கொண்டுபோவோம். கம்ப்யூட்டரும் அதையேதான் செய்கிறது. ஆனால் சுழலும் ஹார்ட் டிஸ்கிலிருந்து ஒன்றை எடுக்க ஆகும் நேரம் ரேமிலிருந்து எடுப்பதைப்போல ஏறக்குறைய லட்சம் மடங்கு. களத்தில் ஒரு நிமிஷத்தில் எடுப்பதை எடுக்க 69 நாள் நடந்து போய் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷத்தில் முகப்பு வந்ததே பெரிய விஷயம்.

‘லினக்ஸ் போட்டுவிடலாம், பத்தே நிமிஷம்’ என்பதுதான் வழக்கமாக என் வாயில் வருவது. லினக்ஸ் மின்ட் கேட்கிற குறைந்தபட்சம் 2 ஜிபி, சௌகரியமாக ஓட 4. அதற்கு இந்தப் பெட்டி தாராளம். ஆனால் பி.காம். பெண்ணுக்கு டேலி வேண்டும், டேலி விண்டோஸ் கேட்கும். பாடத்துக்கு வேண்டியதை விட்டுவிட்டு எனக்குப் பிடித்ததைப் போட்டுக் கொடுப்பதில் என்ன இருக்கிறது? விண்டோஸ் 11-ம் இதில் ஏறாது. அதற்குக் காரணம் மெமரி இல்லை, 4 ஜிபி என்ற நிபந்தனையை இந்தப் பெட்டி எட்டிவிடுகிறது. செயலி பழசு, அது பட்டியலில் இல்லை. கடைக்காரர் இரண்டையும் கலந்து சொல்லிவிட்டார்.

அடிப்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மெமரிக்கு ஒரு காலி இடம் இருந்தது.

சேலத்தில் பழைய பாகங்கள் விற்கிற கடையில் 4 ஜிபி மெமரி 1,400 ரூபாய். ஒரு வருஷத்துக்கு முன்னால் இதைவிடக் குறைவாக வாங்கியிருக்கிறேன். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் உலகத்து மெமரிச் சில்லுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போவதால் விலை ஏறிவிட்டதாம். எங்கோ அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் யோசிப்பதற்கு ஆலத்தூர் நாட்டில் ஒருவன் கூடுதலாகக் காசு கொடுக்கிறான். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி, 2,300. ஆக 3,700 ரூபாய். விண்டோஸ் 10-ஐ வைத்தேன், பாதுகாப்புத் திருத்தங்களை இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் வரை பெற வழி இருக்கிறது. பக்கத்திலேயே மின்ட். இணையத்துக்கும் படிப்புக்கும் அது, டேலிக்கு விண்டோஸ். முகப்பு இருபது விநாடியில் வந்தது.

மறுநாள் அந்தப் பெண் போன் செய்தாள். "சார், முன்ன 2.3 தான எடுத்துச்சு, இப்ப 8 ஜிபி போட்டதும் 3.1 எடுக்குது. இன்னும் மோசமாயிருச்சுங்களா?" இல்லையம்மா. களம் பெரிதானால் சாமையை இன்னும் அகலமாகப் பரப்பி வைப்போம் இல்லையா, அதுதான். காலியாகக் கிடக்கும் மெமரியால் யாருக்கும் லாபம் இல்லை. அடுத்து வேண்டியிருக்கும் என்று தோன்றுவதை இயங்குதளம் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். நாம் கேட்டால் இடத்தைக் காலி செய்துவிடும். எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று பார்த்து பயப்படுவதைவிட, வேலை செய்யும்போது டிஸ்க் ஓயாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் களம் பத்தவில்லை.

இதுவரை நான் கெட்டிக்காரன் மாதிரி எழுதியிருக்கிறேன். இனிமேல்தான் எழுத வந்த விஷயம்.

மெமரி வாங்க வேண்டும் என்று சொன்ன அன்று, இரண்டு இயங்குதளமும் வைத்துத் தருகிறேன் என்றதும், அவன் ஒரு மாதிரி சிரித்தான். "சார், அன்னைக்கு ரெண்டு இருந்தா மெமரி பாதியாயிரும்னு சொன்னீங்களே சார்."

எனக்கு நினைவு வர ஒரு நிமிஷம் ஆனது.

2011 செப்டம்பர் 15-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். 2012 தொடக்கத்தில் எங்கள் பள்ளிக்கு லாரி வந்தது. அன்று பள்ளியில் நடந்த கொண்டாட்டத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும். வந்த பெட்டிகளில் மெமரி 2 ஜிபி, டிஸ்க் 320 ஜிபி. சுவிட்சைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். விண்டோஸ் ஒன்று, பாஸ் ஒன்று. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸிலிருந்து உருவாக்கிய நம் நாட்டு இயங்குதளம். கம்ப்யூட்டர் ஆசிரியர் பணியிடம் காலி, கணக்கு வாத்தியார் நான்தான் பொறுப்பு. எனக்கு பாஸ் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளம் உட்கார்ந்திருந்தால் 2 ஜிபி மெமரியில் ஆளுக்கொரு ஜிபி போய்விடும், விண்டோஸ் 7 திணறும், ஒன்றைத் தூக்கிவிட்டால் வேகமாகும் என்று நானே முடிவு கட்டினேன். இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து நாற்பது மடிக்கணினிகளில் பாஸை அழித்தேன்.

அழித்ததும் வேகமாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்போது ஒரு பையன் கேட்டான்: "சார், இது ஓடும்போது அது எங்க சார் இருக்கும்?"

பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் ஓடும்போது பாஸ் ரேமில் இருக்காது. குதிரில் ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டு இருந்தால் பங்கு போவது டிஸ்கில்தான், ரேமில் ஒரு பைட்கூடக் குறையாது. அந்தப் பையன் இரண்டு நிமிஷம் யோசித்திருந்தால் அதை அவனே கண்டுபிடித்திருப்பான். நான் யோசிக்க விடவில்லை. "எல்லாம் உள்ளேதான் இருக்கும், தள்ளு, அடுத்த ஆள் வரட்டும்" என்றேன்.

கேட்டவன் இவன்தான்.

பாஸை அழிப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. தொடக்கத்தில் ‘எது வேண்டும்’ என்று கேட்கும் சிறு நிரலான கிரப், பாஸின் இடத்தை நம்பித்தான் நிற்கிறது. அந்த இடத்தை அழித்துவிட்டு அப்படியே விட்டால், அடுத்த முறை சுவிட்சைப் போடும்போது கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி வந்து நிற்கும். விண்டோஸும் வராது. முதல் பெட்டியிலேயே இதைப் பார்த்து மிரண்டுபோய், விண்டோஸ் டிஸ்க் போட்டுத் தொடக்கப் பகுதியைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு பெட்டிக்கும் அழிப்பது ஒரு வேலை, சரிசெய்வது இன்னொரு வேலை. இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பிள்ளைகள் பறந்தார்கள். மூன்று நான்கு பெட்டிகளில் இரண்டாவது வேலை பாக்கி. "திங்கட்கிழமை கொண்டு வாங்கடா" என்றேன். சிலர் கொண்டுவந்தார்கள். யார் வரவில்லை என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இவன் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்து சுவிட்சைப் போட்டிருக்கிறான். கறுப்புத் திரை. தான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தான். அரசாங்கச் சொத்து, கேள்வி கேட்பார்கள் என்று அவன் அப்பா துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். திங்கட்கிழமை அவன் வந்தான், மடிக்கணினி வரவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பானோ என்னவோ. அந்தக் கோடையில் பரீட்சை முடிந்ததும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அதனால்தான் மேலே படிக்கவில்லை என்று அவன் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். வீட்டில் வேறு கஷ்டங்கள் இருந்தன.

"ஏண்டா என்கிட்ட வந்து சொல்லல?" என்றேன்.

"நீங்க செஞ்சது தப்பா இருக்கும்னு தோணவே இல்லைங்க சார்."

வெளியே சாரல் நிற்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுவாரம் அந்தப் பழைய பெட்டியையும் கொண்டுவரச் சொன்னேன். பதின்மூன்று வருஷம் பரணில் இருந்தது. சார்ஜர் வயரை எலி கடித்திருந்தது, பேட்டரி செத்துவிட்டது, விசைப்பலகையில் சில எழுத்து வேலை செய்யவில்லை. வேறொரு சார்ஜரைச் செருகி சுவிட்சைப் போட்டேன். ‘கிரப் ரெஸ்க்யூ’. நான் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

பென் டிரைவிலிருந்து எம்எக்ஸ் லினக்ஸ் ஏற்றினேன். பாஸைப் போல அதுவும் டெபியன் வழி வந்ததுதான். இரண்டு ஜிபி போதும் அதற்கு. முகப்பு வந்து நின்றபோது எடுத்திருந்தது 580 எம்பி. பிரவுசரில் இரண்டு பக்கம் திறந்தால் 1.3 ஜிபி வரை போகிறது. அதற்குமேல் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். யூஎஸ்பி விசைப்பலகை ஒன்று என்னிடம் கிடந்தது, கொடுத்தேன். குழந்தைக்கு எழுத்துப் பழகவும், அவனுக்கு மிளகு, குச்சிக்கிழங்கு வரவு செலவு எழுதவும் போதும். 2025-ல் அரசு கல்லூரி மாணவர்களுக்கு என்று டெண்டர் விட்ட மடிக்கணினிக்கு 8 ஜிபி என்கிறார்கள், அதிலும் விண்டோஸோடு பாஸ் இருக்கிறதாம். அதை வாங்கும் பிள்ளைகள் வீட்டில் யாராவது வாத்தியார் இருந்தால், தயவுசெய்து கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லுங்கள்.

மர வியாபாரி அச்சாரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார், கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு. மாசியில் அந்த எட்டு மரத்து மிளகும் சோளக்காட்டுச் சந்தைக்குப் போனது.

ஒரு வேண்டுகோள். மடிக்கணினிக்கான டிடிஆர்3 மெமரி, 2 ஜிபியோ 4 ஜிபியோ, யார் வீட்டு மேசை டிராயரிலாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், அவன் பெட்டிக்கு வேண்டும். இன்னொன்று. 2012-ல் அந்த இரண்டு சனிக்கிழமைகளில் என்னிடம் மடிக்கணினி கொண்டுவந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அது இன்னும் பரணில் இருந்தால், எடுத்துக்கொண்டு வாருங்கள். சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன்.